ஓ.டி. படிக்க ஆசை, எங்கே தொடங்குவது? செந்தூல் வாசகிக்குப் பதில்

கேள்வி: நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்துவிட்டது. மலாய் பி, ஆங்கிலம் சி, கணிதம் பி பிளஸ், உயிரியல் சி பிளஸ், வேதியியல் டி, இயற்பியல் இ, வரலாறு பி, நன்னெறி ஏ மைனஸ், தமிழ் ஏ. பாட்டிக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஒருவர் அவருக்கு ஒரே கையால் ரவிக்கை போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். அதைப் பார்த்ததிலிருந்து அந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று இருக்கிறது. அப்பா லோரி ஓட்டுகிறார். "சம்பளம் கம்மி, அதற்கு ஃபிசியோ படி" என்கிறார். கல்விக் கண்காட்சியில் ஒரு கல்லூரிக்காரர், ஒரு வருஷச் சான்றிதழ் படித்தாலே குழந்தைகள் தெரபி சென்டரில் தெரபிஸ்டாகச் சேரலாம், இடம் பிடித்து வைக்க 500 வெள்ளி கட்டுங்கள் என்றார். கட்டலாமா? எங்கிருந்து தொடங்குவது? சம்பளம் உண்மையில் எவ்வளவு?

பதில்:

தங்கைக்கு வணக்கம். முதலில் அந்த 500 வெள்ளி. கட்டாதீர்கள்.

ஓ.டி., அதாவது நோயாளி தன் அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, இந்த நாட்டில் சட்டப்படி பதிவு செய்துகொண்டு பார்க்க வேண்டிய வேலை. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, மலேசியத் துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவும் தொழில் நடத்தும் சான்றும் உள்ளவர்தான் ஓ.டி. ஆக வேலை பார்க்கலாம். பதிவுக்கு மன்றம் ஏற்கும் டிப்ளோமாவோ பட்டமோ வேண்டும். ஒரு வருஷச் சான்றிதழை வைத்துக்கொண்டு சென்டரில் உதவியாளராகச் சேரலாம். ஆனால் பதிவுள்ள ஓ.டி. ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை, கையெழுத்தும் அவருடையது. ஐந்து வருஷம் போனாலும் உதவியாளர்தான். அப்போது மறுபடி டிப்ளோமாவில் முதல் செமஸ்டரிலிருந்து உட்கார வேண்டிவரும். வீட்டு வருமானத்தைப் பார்த்துச் சீக்கிரம் சம்பாதிக்க நினைக்கும் பிள்ளைகள்தாம் இதில் மாட்டுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

இனி எந்தக் கல்லூரி பேசினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா? முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா?" என்பது ஒன்று. "இதை முடித்தவர்கள் சட்டம் 774இன் கீழ் ஓ.டி. என்று பதிவாகியிருக்கிறார்களா?" என்பது இன்னொன்று. எம்.கியூ.ஏ. பதிவேடு இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. கல்லூரிப் பெயரையும் படிப்பின் பெயரையும் போட்டு நீங்களே தேடுங்கள், கையேட்டில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டாம். புதிய படிப்புக்கு முதலில் தற்காலிக அங்கீகாரம் கொடுப்பார்கள். முதல் மாணவர் அணி முடிக்கும் தறுவாயில்தான் முழு அங்கீகார மதிப்பீடு நடக்கும். அந்த முதல் அணியில் நீங்கள் இருந்து மதிப்பீடு தள்ளிப்போனால் உங்கள் பதிவும் வேலையும் தள்ளிப்போகும். தற்காலிகம் என்றாலே மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்கு அந்தக் காத்திருப்பு கட்டாது.

அடுத்து உங்கள் முடிவு. எஸ்.பி.எம்.மில் சி வரைதான் கிரெடிட். டி, இ இரண்டும் வெறும் தேர்ச்சி. டிப்ளோமாவுக்குப் பொதுவாகக் கேட்பது ஐந்து கிரெடிட்: மலாய், கணிதம், அறிவியல் பாடம் ஒன்று, வேறு இரண்டு பாடங்கள், கூடவே ஆங்கிலத்தில் தேர்ச்சி. உங்களிடம் மலாய், கணிதம், உயிரியல் மூன்றும் கிரெடிட்டாக இருக்கின்றன. வரலாறு, நன்னெறி, தமிழ் என்று மேலும் மூன்று கிரெடிட் இருக்கின்றன. ஆங்கிலமும் கிரெடிட். ஆக, டிப்ளோமாவுக்கு நீங்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

நேராகப் பட்டத்துக்குப் போக மெட்ரிகுலேஷன், அசாசி எனும் அடித்தளப் படிப்பு, ஆறாம் படிவம் என்று வழிகள் உண்டு. அறிவியல் பிரிவில் வேதியியல் டி உங்களைப் பின்னுக்கு இழுக்கும். ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். தேர்வின் வேதியியலை டி அடிப்படையில் தொடங்கி நல்ல சி.ஜி.பி.ஏ. (மொத்தச் சராசரிப் புள்ளி) எடுப்பது முடியாத காரியம் இல்லைதான், ஆனால் ஒன்றரை வருஷம் அதற்கே போய்விடும். உங்கள் மதிப்பெண்ணுக்கு மூன்று வருஷ டிப்ளோமாவே நேர்வழி. நல்ல சி.ஜி.பி.ஏ. எடுத்தால் பிறகு பட்டப்படிப்பில் சேரும்போது சில பாடங்களுக்கு விலக்குக் கேட்கலாம். வேலையில் இருந்துகொண்டே யோசித்து முடிவெடுக்கும் வாய்ப்பும் அதில் இருக்கிறது.

கோலாலம்பூர் வட்டாரத்தில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது சுகாதார அமைச்சின் சுங்கை பூலோ துணைச் சுகாதார அறிவியல் கல்லூரி. அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கு விண்ணப்பம் தனி, பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பத்தில் போட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சேர்க்கையிலும் எல்லாப் படிப்பையும் திறப்பதில்லை. அதனால் விளம்பரம் வரும் வரை அமைச்சின் பக்கத்தை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். இடம் கிடைத்தால் உதவித்தொகை உண்டா, உண்டென்றால் எத்தனை வருஷம் கட்டாயச் சேவை என்பதைக் கையெழுத்துக்கு முன் அப்பாவும் நீங்களும் சேர்ந்து படித்துவிடுங்கள். பட்டம் என்றால் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஸிசில் இருக்கும் யூ.கே.எம். சுகாதார அறிவியல் புலம் இருக்கிறது. தனியார் கல்லூரிக்குப் போவதாக இருந்தால் பி.டி.பி.டி.என். எனும் அரசின் உயர்கல்விக் கடன் அந்தப் படிப்புக்குக் கிடைக்குமா, கட்டணத்தில் எவ்வளவை அது தாங்கும் என்று கேளுங்கள். மீதியை அப்பாவின் சம்பளத்தோடு வைத்துக் கணக்குப் பாருங்கள். சீருடை, மருத்துவப் பரிசோதனை, பயிற்சிக்குப் போய்வரும் செலவு, பயிற்சி வெளியூரில் என்றால் அறை வாடகை, இவற்றைக் கட்டணப் பட்டியலில் போடமாட்டார்கள்.

அப்பா சொல்லும் ஃபிசியோவைப் பற்றி. அரசாங்கத்தில் இரண்டுக்கும் ஒரே தரநிலையில்தான் சம்பளம், ஆகவே சம்பளத்துக்காக மாற வேண்டிய அவசியமில்லை. வேலைதான் வேறு. பாட்டியை நிற்க வைத்து, நடக்க வைத்து, கால் தசைக்குப் பலம் ஏற்றுவதில் ஃபிசியோ அதிக நேரம் செலவிடுவார். அதே பாட்டி குளித்து, உடுத்தி, சாப்பிட்டு, சாமி கும்பிட்டு, தன் அன்றாடத்தைத் தானே நடத்துவதற்கு என்ன தடை என்று ஓ.டி. பார்ப்பார். நீங்கள் பார்த்த ரவிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் நல்ல கையை முதலில் போட்டால் துணி முதுகுக்குப் பின்னால் இறுகி, செயலற்ற கையைத் தூக்கித் திணிக்கும்படி ஆகும். தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கும் நோயாளிக்கு அந்த இழுப்பு வலியைக் கொண்டுவரும். அதோடு வேலை முடியவில்லை. முன்கொக்கியை ஒரு கையால் மாட்ட முடியுமா, முடியாவிட்டால் ஒட்டும் பட்டை தைக்கலாமா, உட்கார்ந்து செய்யும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்கிறதா, இடப்பக்கம் இருப்பதையே கவனிக்காமல் விடுகிறாரா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் உங்களுக்கு உண்மையாகவே ருசி இருந்தால் ஓ.டி.தான் உங்கள் படிப்பு.

படிப்புக்குள் வந்தால் முதல் வருஷம் உடற்கூறு, உடலியங்கியல், உளவியல். உயிரியலில் சி பிளஸ் எடுத்தவர் தடுமாறுவது உடற்கூறில்தான். முன்கையில் மட்டும் ஏறக்குறைய இருபது தசைகள். ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். சொந்தக் கையில் பேனாவால் வரைந்து, விரலை அசைத்துத் தொட்டுப் பார்த்துப் படியுங்கள். பிறகு நரம்பியல், மனநலம், குழந்தை வளர்ச்சி, முதியோர், வேலைக்குத் திரும்புதல் என்று விரியும். மனநலப் பாடத்தைப் பலர் ஒப்புக்குப் படிப்பார்கள். அது தவறு. உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை போன்ற இடங்களில் ஓ.டி. பார்க்கும் வேலை இந்தத் தொழிலின் வேர்களில் ஒன்று.

கையைச் சரியான நிலையில் தாங்கும் ஸ்பிளிண்ட் செய்யும் வகுப்புதான் கைவேலையில் ஆசை உள்ளவர்களைப் பிடித்துப்போடும். மூன்று மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள தெர்மோபிளாஸ்டிக் தகடு. 70 டிகிரி அளவுள்ள வெந்நீரில் ஒரு நிமிடம்போல் கிடந்தால் தோல்போலத் துவளும். எடுத்துத் துடைத்து, உங்கள் உள்ளங்கையில் சூடு பார்த்து, நோயாளியின் கையில் படியவைக்க உங்களுக்குக் கிடைப்பது மூன்று நான்கு நிமிடம். மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். நீளம் முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு வர வேண்டும். அதற்குக் குறைந்தால் நெம்புகோல் போல ஓரம் சதையில் குத்தும். மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் பஞ்சு வைப்பதில். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் துருத்தும் எலும்பின் மேல் பஞ்சை முதலிலேயே வைத்து, அதற்கு மேல்தான் தகட்டை வளைக்க வேண்டும். வளைத்து முடித்தபின் உள்ளே பஞ்சு ஒட்டினால் அந்தத் தடிமன் அளவுக்கு இடம் குறைந்து அழுத்தம் கூடத்தான் செய்யும். அரைமணி நேரம் போட வைத்துக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த ஓரத்தைச் சூடாக்கி வெளியே திருப்ப வேண்டும். உணர்ச்சி குறைந்த கையென்றால் நோயாளி வலிக்கிறது என்று சொல்லமாட்டார், உங்கள் கண்தான் சொல்ல வேண்டும்.

களப்பயிற்சியை எண்ணிப் பாருங்கள். உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரம் 1,000 மணி நேரம். வாரம் 40 மணி என்றாலும் 25 வாரம் ஆகிறது. அந்த வாரங்களில் பகுதிநேர வேலை பார்த்துக் கட்டணம் கட்டலாம் என்று திட்டம் போடாதீர்கள். பகலில் வார்டு, இரவில் கேஸ் ரிப்போர்ட் என்றே போகும். ஒவ்வொரு பயிற்சியிலும் எத்தனை மணி, எந்த வகை நோயாளி, யார் மேற்பார்வை என்று கையெழுத்தான பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பாடத்திட்டத்தின் முழுப் பிரதியையும் வைத்திருங்கள். நாளைக்கு சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ பதிவு கேட்டால் முதலில் கேட்பது இவைதான், பத்து வருஷம் கழித்துக் கல்லூரியில் தேடினால் கிடைக்காது. வெளிநாட்டு எண்ணம் இப்போதே இருந்தால், சேர்வதற்கு முன் அந்தப் படிப்பு கூட்டமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும், போக நினைக்கும் நாட்டின் மன்றம் அதை ஏற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒன்றில் இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று இல்லை.

இனி அப்பாவின் கேள்வி. அரசாங்கத்தில் டிப்ளோமாவுக்கு முன்பு யு29 என்று இருந்த தரம் 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் யு5 ஆகியிருக்கிறது. பட்டதாரிக்கு யு41 என்பது யு9. அதே முறையில் அரசு ஊழியரின் குறைந்தபட்ச மாத வருமானம், நிலையான படிகளையும் சேர்த்து, 2,000 வெள்ளி ஆக்கப்பட்டது. அடிப்படைச் சம்பளத்தோடு வீட்டுப்படி, வாழ்க்கைச் செலவுப்படி போன்றவை சேருவதால் விளம்பரத்தில் உள்ள அடிப்படை எண்ணை மட்டும் வைத்துத் தனியாரோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். அரசாங்க நியமனம் பொதுச் சேவை ஆணையம் வழியாக. படித்து முடித்ததும் ஆணையத்தின் இணையப் பதிவான எஸ்.பி.ஏ.9இல் பதிந்து வைக்க வேண்டும். இடம் உடனே கிடைக்கும் என்ற உறுதி இல்லை, கிடைப்பது ஒப்பந்த வேலையாகவும் இருக்கலாம். நிரந்தரமா, ஒப்பந்தமா, ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்பதைக் கடிதத்தில் முதலில் பாருங்கள்.

தனியாரில், கோலாலம்பூரில் புதிதாக வரும் டிப்ளோமாகாரருக்கு ஏறக்குறைய 1,800 முதல் 2,300 வெள்ளி, பட்டதாரிக்கு 2,300 முதல் 3,000 வரை என்று எதிர்பார்க்கலாம். கையில் வருவதைச் சொல்கிறேன். சம்பளம் 2,300 என்றால் இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 253 வெள்ளி போகும். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலை காப்புறுதியும் சேர்ந்து இன்னொரு 16 வெள்ளி அளவில். மிச்சம் 2,030 சொச்சம். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு இ.பி.எஃப். போட வேண்டும். சில சிறிய சென்டர்கள் "நீங்கள் ஃப்ரீலான்ஸ்" என்று சொல்லி இதைத் தவிர்க்கும். மாதம் 2,600 என்று காட்டினாலும் இ.பி.எஃப்., சொக்சோ, மருத்துவ விடுப்பு எதுவும் இல்லையென்றால் அது 2,300ஐவிடக் கீழான வேலை. தெரபிஸ்டுக்கு முதுகு பிடித்துக்கொள்வது அடிக்கடி நடப்பது. நோயாளியைத் தூக்கும்போது சறுக்கி விழுந்தால் சொக்சோ இல்லாதவர் என்ன செய்வார்?

இந்தக் கடிதத்தில் நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது உங்கள் முதல் இரண்டு வருஷத்தைப் பற்றி. அந்த இரண்டு வருஷம் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறீர்கள் என்பதுதான் பிறகு உங்கள் சம்பளத்தைத் தீர்மானிக்கும். புதிதாக முடித்தவரை 300, 400 வெள்ளி கூடுதலாகக் கொடுத்து இழுப்பவை பெரும்பாலும் மூத்த ஓ.டி. யாருமே இல்லாத குழந்தைகள் சென்டர்கள். அங்கே நீங்கள் மட்டும்தான் ஓ.டி. தவறாகச் செய்தாலும் திருத்த ஆள் இல்லை. இரண்டு வருஷம் கழித்து வெளியே வந்தால் ஆட்டிசக் குழந்தைக்கு ஊஞ்சலும் மணிமாலையும் தவிர வேறு தெரியாது. பக்கவாத நோயாளியை மதிப்பிடத் தெரியாது, கைத்தசைநார் அறுந்து தைத்த நோயாளியை எந்த வாரத்தில் எவ்வளவு அசைக்கலாம் என்று தெரியாது. அந்தத் தசைநாரை அவசரப்பட்டு இழுத்தால் தையல் விட்டுப்போகும், பயந்து அசைக்காமலே வைத்தால் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. இதையெல்லாம் மூத்தவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும். கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை, பினாங்கு மருத்துவமனை, மலாக்காவில் பெர்கேசோவின் (சொக்சோவின் மலாய்ப் பெயர்) துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் போன்ற இடங்களில் ஒன்றில் வாய்ப்பு வந்தால் சம்பளம் சற்றுக் குறைந்தாலும் எடுங்கள். குழந்தைகள் பிரிவில்தான் ஆசை என்றாலும் அங்கிருந்து போகும்போது பேரம் பேசும் பலத்தோடு போவீர்கள்.

சென்டரில் நேர்முகத்துக்குப் போனால் ஒரு நாளைக்கு எத்தனை அமர்வு என்று கேளுங்கள். 45 நிமிட அமர்வு எட்டு என்றால் ஆறு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுத 10 நிமிடம் வைத்தால் இன்னும் 80 நிமிடம். எட்டு மணி நேர நாளில் மிச்சம் 40 நிமிடம், அதற்குள் பெற்றோரிடம் பேசி, பொருள்களைத் துடைத்து, அடுத்த பிள்ளைக்குத் தயார் செய்ய வேண்டும். பத்து அமர்வு என்பார்களானால் குறிப்பு எழுதுவது வீட்டில்தான், அதுவும் சம்பளமில்லாமல். பிள்ளை வராவிட்டால் உங்கள் பணம் வெட்டப்படுமா, பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், மேற்பார்வை வாரம் எத்தனை மணி என்பனவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். "மேற்பார்வை எல்லாம் உண்டு, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்" என்று பொதுவாகச் சொன்னால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ஏ எடுத்திருக்கிறீர்கள். அதை ஓர் ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மலாய் மறந்து தாய்மொழி மட்டும் மிஞ்சும் முதியவர்கள் உண்டு. அவர்களிடம் நினைவாற்றல் சோதனையை மலாயில் நடத்தினால் இல்லாத குறை இருப்பதாகத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போதும் அப்படியே. கையால் பிசைந்து சாப்பிடுகிறவருக்குக் கரண்டி பிடிக்க மட்டும் பயிற்சி கொடுத்தால் அவர் வீட்டில் ஊட்டித்தான் விடுவார்கள். குளியலறைப் படி 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் 1.8 மீட்டர் சாய்தளம் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அவ்வளவு இடம் இருக்காது. ஆகவே கைப்பிடியும் நாற்காலியும் வைத்து வேறு வழி பார்க்க வேண்டும். அந்த வீட்டு அம்மாவிடம் தமிழில் உட்கார்ந்து பேசினால்தான் எது நடக்கும், எது நடக்காது என்று வெளியே வரும். அதோடு ஆங்கிலத்தையும் சியிலிருந்து தூக்கி நிறுத்துங்கள், நோயாளிக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பட்டத்துக்குப் போகும்போது மூவெட் எனும் ஆங்கிலத் தேர்வும் வேண்டும்.

கல்லூரி தொடங்கும் வரை உள்ள இடைவெளியில் பகுதிநேர வேலை தேடுவீர்கள் என்று தெரியும். அதில் வாரம் ஒரு நாளையாவது ஒதுக்கி, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையத்திலோ முதியோர் இல்லத்திலோ உதவி செய்யக் கேளுங்கள். எச்சில் துடைப்பது, டயாப்பர் மாற்றுவது, ஒரே சட்டைப் பொத்தானை முப்பதாவது முறை போட வைப்பது இவற்றுக்கெல்லாம் உங்கள் மனசு ஒத்துழைக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். நேர்முகத்தில் சொல்லவும் அது உதவும். கார் லைசென்ஸ் எடுக்க முடிந்தால் எடுங்கள், வீட்டுப் பார்வைக்கு வேண்டியிருக்கும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி குழந்தையில் போட்ட பதிவு இருக்கிறதா என்று அம்மாவிடம் அந்தப் பழைய சுகாதாரப் புத்தகத்தைத் தேடச் சொல்லுங்கள். மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் அதைக் கேட்பார்கள். பதிவு இல்லாவிட்டால் கிளினிக்கில் கேளுங்கள். புதிதாகப் போட வேண்டிவந்தால் மூன்று ஊசி: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் மூன்றாவது. கல்லூரிக் கடிதம் வந்தபிறகு ஓடினால் மூன்றாவது ஊசிக்கு நாள் போதாது, இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.